செல்லத்துரை மாமாவைக் கதிரையில் இருத்தி அளந்த கதை

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவனுக்கு ‘தெரியாது’ என்று சொல்லும் உரிமை கிடையாது. இரண்டாவதாகப் படிக்கிறவர்கள் தாராளமாகச் சொல்லலாம். ‘அண்ணையைக் கேளுங்கோ’ என்று கையைக் காட்டிவிட்டுப் பந்தடிக்கப் போகலாம். முதலாமவனுக்குக் கை இருக்கும், காட்டுவதற்கு ஆள் இருக்காது.

நான் முதலாமவன். எனக்கு முன் எங்கள் பகுதியில் கையெழுத்துக்கு மேல் போனவர்கள் இல்லை. ஆகவே நான் சோதனை பாஸ் பண்ணிய நாளிலிருந்து ஊருக்குள் வந்த ஆங்கிலமெல்லாம் என் வழியாகத்தான் போயிற்று. தந்தி, மருந்துப் போத்தல், பூச்சிமருந்துப் பேணி, வெளிநாட்டுச் சவர்க்காரத்தின் உறை எல்லாம் என்னிடம் வந்தன. ஒருமுறை மாமி, லண்டனில் இருந்து வந்த பச்சைநிறப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து, “தம்பி, இது சாப்பாட்டுக்கு முன்னமோ, பின்னமோ?” என்று கேட்டார். நான் நெற்றியைச் சுருக்கி வாசித்து, “பின்னம்” என்றேன். (அது தலைக்கு வைத்து முழுகிற சாமான். மாமி ஒரு வாயோடு நிறுத்தியது கடவுள் செயல். கதைக்கும்போது குமிழி வந்தது என்று மாமியின் மகள் வசந்தி இன்றைக்கும் சத்தியம் செய்வாள்.)

தொண்ணூறுகளின் தொடக்கம், சண்டைக் காலம் அது. மருதனார்மடச் சந்தியிலிருந்து உள்ளே இறங்கிச் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே போனால் எங்கள் ஊர். மின்சாரம் எங்களை விட்டுப் போய்க் கன காலம். வானொலி கேட்பதென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ ஓட ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். செய்தி முடியும்போது சுற்றியவருக்கு மூச்சு இருக்காது, கேட்டவருக்கு நிம்மதி இருக்காது. அரசாங்கம் போட்ட பற்றரி தடை, பெற்றோல் தடை, மெசின் சாமான் தடை. தடையென்றாலும் எல்லாம் வந்தன. ஆனால் எதுவும் தன் சொந்த முகத்தோடு வரவில்லை. பற்றரி பேக்கரிப் பாணுக்குள் வந்தது. தையல் மெசினின் துண்டொன்று குழந்தைப்பிள்ளையின் கிலுகிலுப்பைக்குள் வந்ததைக் கண்ணால் கண்டவன் நான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைத் திட்ட நினைக்கும்போது கொஞ்சம் குறைத்துத் திட்டுவதற்கு உதவும்.

செல்லத்துரை மாமா அம்மாவின் தமையன். தோட்டக்காரர். அவருடைய தண்ணீர் இறைப்பு மெசின் மண்ணெண்ணெய் குடித்துக் குடித்து நெஞ்சடைத்து, வெங்காயம் திரளுகிற நேரம் பார்த்து நின்றுவிட்டது. “பிஸ்டன் றிங் தேஞ்சு போச்சு” என்றார் மாமா. லண்டனில் இருந்த மகன் ரவிக்குச் செய்தி போயிற்று. சாமான் வந்து சேரும்வரை கிணற்றின் பழைய ஏற்றமான துலாவைத் தூசி தட்டினோம். மேலே ஏறித் துலா மிதிக்க மாமா, கீழே தண்ணீர்ப் பட்டை பிடிக்க நான், பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற மாமாவின் மகள் வசந்தி.

நான் போய்ப் பட்டை பிடித்ததற்கு வெங்காயம் காரணமில்லை.

பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த காலம். காத்திருப்பது ஒரு தொழில் அல்ல என்பது மாமாவின் கட்சி. வசந்திக்கு வட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வங்கி உத்தியோகத்தரின் பேச்சு வந்திருந்தது. மாமா பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கிணற்றடியில் மாமி மெல்ல என் பெயரை எடுத்தார். துலாவின் உச்சியில் நின்ற மாமா, கீழே நான் நிற்பதை மறந்து சொன்னார்:

“அவன் படிச்சவன்தான். படிச்சு இந்த வீட்டுக்கு என்னத்தைக் கிழிச்சவன்? ஒண்டைக் கிழிச்சுக் காட்டட்டும், பேந்து பாப்பம்.”

எதையாவது கிழித்துக் காட்டுவது என்று அந்தக் கணமே முடிவெடுத்தேன்.

சந்தர்ப்பம் சைக்கிளில் வந்தது. கொழும்புக்கும் ஊருக்கும் போய்வந்து சனங்களின் பாசல்களைச் சேர்ப்பிக்கிற நடராசா அண்ணை, வேலிப் படலையடியில் மணியடித்தார்.

“செல்லத்துரையண்ணை! லண்டன் பாசல்!”

மாமா ஓடினார். நடராசா அண்ணை சாக்குக்குள் கையை விட்டுச் சீலையில் சுற்றிய பொதியொன்றை எடுத்துக் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“உள்ளுக்கு ஒரு கடுதாசியும் கிடந்தது. படம் போட்ட கடுதாசி. குழல் குழலாக் கீறிக் கிடந்துது. ஆமிச் சோதனையிலை கண்டாங்களெண்டால் என்னைக் குழலாக்கிப் போடுவாங்கள். கடலுக்குள்ளை விட்டிட்டன், குறை நினையாதேங்கோ.”

“அதுக்கென்ன, எங்கடை மருமோன் படிச்சவன்தானே. அவன் பாப்பான்” என்றார் மாமா.

பொதியை மேசையில் கொட்டினோம். சாம்பல்நிறத் துண்டுகள். இரும்பில்லை, மரமில்லை, வழமையான பிளாஸ்ரிக்கும் இல்லை. தட்டினால் எலும்புச் சத்தம், மோந்தால் புதுச் செருப்பும் வாணிசும் கலந்த மணம். வார்த்தெடுத்த ஓரங்களில் பிசிறு. சில குழல்கள் வெயிலில் வைத்த மெழுகுதிரி மாதிரி வளைந்திருந்தன. (ரெசின் என்கிற பிசினில் வார்த்த பொம்மை என்று இன்று எனக்குத் தெரியும். அன்று பிசினென்றால் எனக்கு வேப்பமரத்தில் வடிகிறது மட்டும்தான்.)

“ஆற்றையோ பொய்ப்பல்லுப் போலக் கிடக்கு” என்றார் மாமி.

“உதுக்குள்ளை றிங் ஒண்டையும் காணேல்லையே மருமோன்” என்றார் மாமா.

வசந்தி என்னைப் பார்த்தாள். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ‘தெரியாது’ என்ற சொல் என் தொண்டைவரை வந்து, அங்கே வரிசையில் நின்ற வங்கி உத்தியோகத்தரைக் கண்டு திரும்பிப் போய்விட்டது.

“அவசரப்படாதேங்கோ மாமா. தடை இருக்கேக்கை ஆராவது மெசினை மெசினாட்டம் அனுப்புவினமோ? விளையாட்டுச் சாமான் மாதிரிச் செய்து விட்டிருக்கினம். பொருத்திப் பூட்டிப் பாத்தால் விளங்கும்.”

மாமாவின் முகம் மலர்ந்தது. “ஓம் பாருங்கோ! அதுதானே!”

பூட்டினேன். கடுதாசி கடலுக்குள் போய்விட்டபடியால் என் பொது அறிவையும் வேப்பம் பிசினையும் நம்பிப் பூட்டினேன். வளைந்த குழலை நிமிர்த்த முயன்றபோது அது முறிகிற மாதிரிச் சத்தம் போட்டது. பயந்து மேசை ஓரத்தில் வைக்க, அது உருண்டு, மாமி அப்போதுதான் வடித்து வைத்த கஞ்சிச் சட்டிக்குள் விழுந்தது. கரண்டியால் எடுத்துப் பார்த்தால் இடியப்பம் மாதிரித் துவண்டு கிடந்தது. வசந்தி அதை மேசையில் வைத்து உருட்டி நேராக்கி, குளிர்ந்த தண்ணீருக்குள் போட்டாள். கம்பி மாதிரி விறைத்துவிட்டது. அதன் பிறகு எல்லாக் குழல்களும் கஞ்சிக்குள் போய்வந்தன. (அந்தக் கஞ்சியை அன்று பின்னேரம் நாங்கள் பனங்கட்டியோடு குடித்தோம். எவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. எனக்குத்தான் பிறகு நடந்தது.)

முடிந்தபோது மேசையில் ஒரு பூதம் நின்றது. முழங்கை உயரம். உரல் மாதிரி இரண்டு கால்கள், கோயில் தேரின் அடிப்பாகம் மாதிரி ஒரு உடம்பு. ஒரு கையில் கட்டுக் கட்டாகக் குழல், மறுகையில் வாள்பற்கள் வைத்த சில்லு. முதுகில் புகைபோக்கிகள். தலையிருக்க வேண்டிய இடத்தில் ஒரு மூடி, அதற்குள் கொட்டப்பாக்கு அளவில் ஒரு மனிதன், இடுப்புக்கு மேலே மட்டும், சாரதி.

வசந்தி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். “மச்சான், உது இறைக்கிற மெசினோ? எனக்கெண்டால் சூரன்போருக்குப் போற சூரன் மாதிரிக் கிடக்கு.”

“விளங்காட்டில் சும்மா இருக்க வேணும்” என்றேன், விளங்காதவன்.

மாமா சுற்றிச் சுற்றி வந்தார். “உந்தக் குழல்?”

“தண்ணி அடிக்கிறது. மழை மாதிரி விழும். வாய்க்கால் தேவையில்லை.”

“கால் ஏன்?”

“சில்லெண்டால் வரம்பை உடைக்கும் மாமா. கால் எண்டால் தாண்டித் தாண்டிப் போகும்.”

“புகைபோக்கி கிடக்கு. மண்ணெண்ணெயிலை ஓடும் போல.” இது அவராகவே கண்டுபிடித்தது. நான் மறுக்கவில்லை.

“அப்ப, உது என்ன?” வசந்தி விரலை வைத்தாள். பூதத்தின் நெஞ்சிலே, முழங்கால்களிலே, தோள்களிலே, வரிசையாக மண்டையோடுகள்.

இறைப்பு மெசினுக்கு மண்டையோடு எதற்கு? மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். சுவரோரம் மாமாவின் பூச்சிமருந்துப் பேணி இருந்தது. அதன் நெஞ்சில் ஒரு மண்டையோடு. கீழே குறுக்காக இரண்டு எலும்பு.

“மருந்தும் அடிக்கும் மாமா!” என்று கத்தினேன். “பேணியிலை கிடக்கிறதுதான் இதிலையும் கிடக்கு. கவனம் எண்டு அர்த்தம்!”

மாமா பேணியைத் தூக்கிப் பூதத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கலியாணக் காட் அச்சடிக்கக் கொடுக்கிறவரின் பார்வை அது. “அப்ப றிங்?” என்று மட்டும் கடைசியாகக் கேட்டார்.

“பழைய மெசினுக்கு ஏன் மாமா இனி றிங்? இது மாதிரிக்கு விட்டது. உங்களுக்குப் பிடிச்சுதெண்டால் உண்மையான மெசினை ரவி மச்சான் துண்டு துண்டாய் அனுப்புவார். அதுதான் திட்டம்.”

மாமி உள்ளே போய் விபூதி கொண்டுவந்து பூதத்துக்குப் பூசிச் சந்தனப் பொட்டும் வைத்தார்.

அப்போது வெளியேயிருந்து ஒரு குரல்: “என்ன காணும் அது?”

எதிர் வளவு வீட்டுத் தம்பிமுத்தர். அவருடைய வளவுக்கும் மாமாவின் வளவுக்கும் நடுவில்தான் தெருவுக்குப் போகிற ஒழுங்கை. ஒருகாலத்தில் மாட்டுவண்டி போன ஒழுங்கையாம். வேலி அடைக்கிற ஒவ்வொரு முறையும் இந்தப் பக்கத்து வேலித் தடியான கதியால் ஒரு விரல் முன்னேற, அடுத்த முறை அந்தப் பக்கக் கதியால் இரண்டு விரல் முன்னேற, இப்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால் கைபிடி இரண்டு வேலியிலும் உரசும். ஒழுங்கையைக் களவெடுத்தது யார் என்று வழக்கு. அவர்கள் இருவரும் முகம் பார்த்துக் கதைத்து எத்தனையோ வேலியடைப்பு ஆகிவிட்டது. ஆனால் அவர்களுடைய வேலிப் பொட்டுகள், அதாவது கிடுகில் விழுந்த ஓட்டைகள், மட்டும் ஒன்றுக்கொன்று நேரெதிரே, எல்லாம் தெரிகிற மாதிரி இருந்தன.

“உனக்கென்ன காணும்? லண்டன் மெசின்!” என்றார் மாமா, தன் வேலிப் பொட்டைப் பார்த்து.

தம்பிமுத்தருக்கும் வெங்காயம் இருந்தது. அவருடைய மெசினும் இருமிக்கொண்டிருந்தது. பிறகு வேலிப் பொட்டு கேட்டது: “உது எவ்வளவு பெரிசு வரும்?”

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

“கணக்குப் பாத்தால் தெரிஞ்சுபோம்” என்றேன்.

கணக்கில் எனக்கு நல்ல பெறுபேறு. விகித சமன்பாடு என் உயிர். சாரதி இடுப்புக்கு மேலே இவ்வளவு என்றால், உண்மையான மனிதன் இடுப்புக்கு மேலே எவ்வளவு? உண்மையான மனிதன் ஒருவன் தேவைப்பட்டான்.

“மாமா, கதிரையிலை இருங்கோ.”

மாமா இருந்தார். முதுகை நிமிர்த்தி, கைகளை முழங்காலில் வைத்து, நாடியைத் தூக்கி, சாரதியைப் போலவே நேரே பார்த்துக்கொண்டு இருந்தார். நான் அடிமட்டத்தால் அவரை இடுப்பிலிருந்து உச்சிவரை அளந்தேன். தலைமயிரைச் சேர்ப்பதா விடுவதா என்று ஒரு சிக்கல் வந்தது. சாரதிக்குத் தொப்பி இருந்தபடியால் மாமாவின் தலையில் மாமி ஒரு தகரப் பேணியைக் கவிழ்த்தார். வசந்தி சீலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். நான் தாளில் பெருக்கினேன், பிரித்தேன், வெட்டினேன், கூட்டினேன். விடை வந்தது.

“பனை உயரம்” என்றேன். “அகலம், இந்த ஒழுங்கையைப் போல மூண்டு மடங்கு.”

வேலிப் பொட்டுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு.

“அப்ப ஒழுங்கைக்குள்ளாலை வராதே” என்றார் மாமா, பேணியைக் கழற்றாமலே.

இரண்டு வேலிகளுக்கும் நடுவே அன்று ஒரு சமாதானப் பேச்சுவார்த்தை நடந்தது. தூது நான். மெசின் தம்பிமுத்தரின் தோட்டத்துக்கும் இறைக்கும், அதற்குப் பதில் அவர் தன் வேலியைப் பின்னுக்கு எடுப்பார். மாமாவும் அதே அளவுக்கு எடுப்பார். ஒரு முழம் கூடக் குறையக் கூடாது. “பொடியன் அளக்கட்டும். அவன் படிச்சவன், பக்கம் பாரான்” என்றார் தம்பிமுத்தர். அப்போது எனக்கு வந்த பெருமையைக் கடதாசியில் எழுத இயலாது.

நான் கயிறு கட்டிச் சுண்ணாம்பால் கோடு போட்டேன். கிடுகுகளைக் கழற்றினார்கள். அலவாங்கு போட்டுக் கிளுவைக் கதியால்களைக் கிளப்பினார்கள். வேரோடு பூவரசு விழுந்தது. மெசினின் தோள் உரசும் என்று நான் சொன்னபடியால் கோடாலியால் மாமாவின் கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் ஒரு பெருங் கொப்பை இறக்கினார்கள். படலையும் போயிற்று. ஒன்றைக் கிழிக்கச் சொன்னார் மாமா. நான் ஊரின் மிகப் பழைய சண்டையையே கிழித்துக் கொண்டிருந்தேன்.

வேலியில்லாத வளவு என்பது உடுப்பில்லாத ஆள் மாதிரி. புது வேலிக்குக் கிடுகு பின்னி முடியவில்லை. போகிற வருகிறவர்கள் எல்லாம் “என்ன, இண்டைக்குக் கத்தரிக்காயோ?” என்று மாமியின் சட்டியைப் பார்த்து விசாரித்தார்கள். தம்பிமுத்தரின் ஆடுகள் வந்து முளைக்கீரையை மேய்ந்துவிட்டு, மாமாவின் கதிரையடியில் படுத்து அசைபோட்டன. வெங்காயம் மட்டும் வாடிக்கொண்டே இருந்தது. ‘புது மெசின் வருகுது’ என்று மாமா துலா மிதிப்பதையும் நிறுத்திவிட்டார். வெங்காயத் தாள் நுனி மஞ்சளாகிக் கொண்டு வந்ததை நான் கண்டேன். கண்டும், ‘வருகிற கிழமை மழை மாதிரி விழும்’ என்று வசந்திக்குச் சொன்னேன்.

இதற்கிடையில் வட்டுக்கோட்டை ஆட்கள் முன்னறிவித்தலில்லாமல் வந்துவிட்டார்கள். ஒழுங்கையில் நின்றே வீட்டின் உள்ளறைவரை பார்த்தார்கள். ஆடுகளைப் பார்த்தார்கள். மேசையில் விபூதி பூசி நின்ற பூதத்தைப் பார்த்தார்கள். மாமி தேத்தண்ணி போட்டு வரமுன்னம் போய்விட்டார்கள். ‘வேலி இல்லாத வீட்டிலை பொம்பிளை எடுக்கேலாது’ என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்கள்.

“அவைக்கு மெசினின்ரை அருமை தெரியேல்லை” என்றேன்.

“உங்களுக்கு?” என்றாள் வசந்தி.

செய்தி பரவி, ஒரு நாள் மத்தியானம் ஊர்த் தோட்டக்காரர்கள் பலர் மாமாவின் முற்றத்தில் கூடினார்கள். மேசையை மாமரத்தின் கீழ் போட்டு (நிழல் தருகிற கொப்பை முன்னமே வெட்டிவிட்டோம்) பூதத்தை நடுவில் வைத்தேன். குடைக்கம்பியொன்றைக் கையில் எடுத்துப் பாடம் தொடங்கினேன். தம்பிமுத்தர் முன்வரிசையில், மாமாவுக்குப் பக்கத்தில்.

“வெங்காயத்தை மிதிச்சுப் போடாதோ தம்பி?” என்று ஒருவர் கேட்டார்.

“கால் வைக்க இடம் விட்டு நடவேணும்” என்றேன்.

“உந்த வாள் வைச்ச கை?”

“போயிலை வெட்ட.”

“நடக்கேக்கை கிணத்துக்குள்ளை விழுந்தால்?”

அதற்கும் ஏதோ சொன்னேன். வெயில் உச்சியில் நின்றது. வேப்பம் பிசின் ஒரு நேர்மையான சாமான், சூட்டில் பொய் சொல்லாது. நான் மழை மாதிரித் தண்ணீர் விழுவதை விளக்கிக் கொண்டிருக்க, குழல் கட்டிய கை மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. முன்வரிசை அதைப் பணிவென்று எடுத்துக்கொண்டது. ஒருவர் “தானாய் வேலை செய்யுது!” என்றார்.

அந்த நேரம் பார்த்து, படலையில்லாத படலையடியில் சைக்கிள் மணி.

நடராசா அண்ணை வியர்த்து விறுவிறுத்து வந்தார். கையில் இன்னொரு சீலைப் பொதி. மேசையைக் கண்டார். தலையில் கையை வைத்தார்.

“ஐயோ அண்ணை, பூட்டியே போட்டியளோ! பாசல் மாறிப் போச்சு. உது ரவுணிலை ஒரு டொக்டரின்ரை பேரப்பொடியனுக்கு வந்த சாமான். இந்தாங்கோ, உங்கடை றிங்!”

பொதி அவிழ்ந்தது. வட்ட வட்டமாக, எண்ணெய் பூசி, பளபளவென்று, பிஸ்டன் றிங். மெசின் சாமானாட்டமே வந்த மெசின் சாமான்.

மாமா மிக மெதுவாகக் கேட்டார்: “அப்ப… உது இறைக்கிற மெசின் இல்லையோ?”

“இறைக்கிறதோ? உது சுடுறது அண்ணை! லண்டனிலை மேசையிலை வைச்சு, ரெண்டு பக்கம் பிரிஞ்சு, சண்டை விளையாடுறவையாம். வளர்ந்த ஆக்களும் விளையாடுவினமாம்.”

“சண்டையையோ?” தம்பிமுத்தருக்கு விளங்கவில்லை. “காசு குடுத்து வாங்கியோ?”

“ஓம்.”

“இஞ்சை வரச் சொல்லுங்கோ. நாங்கள் சும்மா குடுக்கிறம்.”

கூட்டம் சிரித்தது. அப்படியொரு சிரிப்பை அந்த வருடங்களில் நான் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். வசந்தி மாமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மேசை குலுங்கியது. பூதத்தின் கை கழன்று விழுந்தது, பிறகு மறுகை, பிறகு உடம்பே முன்பக்கம் சரிந்து என் காலடியில் குப்புற விழுந்தது. சாரதி மட்டும் மூடிக்குள்ளிருந்து தெறித்து உருண்டு போக, மாமியின் வெள்ளைக் கோழி ஓடி வந்து ஒரு கொத்தில் விழுங்கிவிட்டது.

மாமாவும் தம்பிமுத்தரும் மட்டும் சிரிக்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் ஒழுங்கையைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவர்கள் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டார்கள். என்னைத் துரத்துவதில்.

நான் மருதனார்மடச் சந்திவரை ஓடினேன். அங்கே மூச்சு வாங்க நின்றுதான் திரும்பிப் பார்த்தேன். எவரையும் காணவில்லை. மாமா றிங் பூட்டப் போயிருந்தார். அவர் தோட்டக்காரர். அவருக்கு முதலில் வெங்காயம், பிறகுதான் கொலை. அன்று பின்னேரமே பழைய மெசின் இருமி, துப்பி, ஓடத் தொடங்கியது. வெங்காயம் கொஞ்சம் சிறுத்தாலும் தப்பிவிட்டது.

தப்பாதது வேலி. பழைய இடத்தில் திருப்பி அடைக்கவே இருவரும் துடித்தார்கள். தம்பிமுத்தர் ஒரு கதியாலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். எதிரே மாமாவும் ஒரு கதியாலோடு நின்றார்.

“நடு காணும் நடு. ஊர் பாக்கட்டும், ஒழுங்கைக்குள்ளை ஆர் வாறது எண்டு” என்றார் மாமா.

“நீ முதல் நடு. அப்பத்தானே கள்ளன் ஆரெண்டு தெரியும்.”

முதல் கதியாலை எவர் ஒழுங்கைக்குள் ஊன்றுகிறாரோ, அவர்தான் இத்தனை காலமும் களவெடுத்தவர் என்றாகிவிடும். வழக்கு வேறு இருக்கிறது. இருவரும் கதியாலும் கையுமாகப் பொழுதுபடும்வரை நின்றார்கள். அடுத்த நாளும் நின்றார்கள். கடைசியில் இருவருமே ஒரு சொல் பேசாமல், என் சுண்ணாம்புக் கோட்டிலேயே வேலியை அடைத்தார்கள்.

அந்த வெங்காயத்தைத் தலைச்சுமையாகச் சந்திக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை. உழவு மெசின் இழுவைப் பெட்டியோடு வீட்டு வாசலுக்கே வந்தது. அதற்குப் பிறகு வேலி பற்றி எவரும் வாய் திறக்கவில்லை.

பூதம், வேப்பம் பிசினோடும் விபூதியோடும், சாரதி இல்லாமல், உரிய பொடியனிடம் போய்ச் சேர்ந்தது. அவனுக்குச் சந்தனப் பொட்டு மிகவும் பிடித்துக்கொண்டதாம், கழுவ விடவில்லையாம். அதைவிட எனக்கு ஆறுதல் தந்தது நடராசா அண்ணை சொன்ன மற்றச் செய்தி. அந்த டொக்டர் வீட்டில் நம்முடைய பிஸ்டன் றிங்கை வைத்து, அது லண்டனில் புதிதாக வந்த வளையம் எறிகிற விளையாட்டு என்று யாரோ பொடியனுக்கு விளக்கி, சட்டம் திட்டமெல்லாம் வகுத்து, ஒரு கிழமையாக விளையாடியிருக்கிறார்கள். அந்த வீட்டிலும் முதலில் படித்தவன் ஒருவன் இருந்திருக்க வேண்டும்.

வசந்தி? வட்டுக்கோட்டைச் சம்பந்தம் போய்விட்டது. கதை ஊரெல்லாம் பரவி, அதற்கப்பாலும் போய்விட்டது. மாமா நெடுநேரம் யோசித்து மாமியிடம் சொன்னாராம்: “உவனுக்கு இனி வெளியிலை ஆரும் பொம்பிளை குடாங்கள். எங்கடை பெட்டையின்ரை வீட்டையும் ஆரும் வராங்கள். வேறை என்ன செய்யிறது.” எனக்குக் கிடைத்த மாப்பிள்ளைக் கேட்பு அவ்வளவுதான். கலியாணத்தன்று சோடித்த கார் ஒழுங்கைக்குள் நேரே வந்து முற்றத்தில் நின்றது. வசந்தி இறங்கும்போது என் காதுக்குள், “பனை ஒண்டும் போயிருக்கும்” என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். நான் எதையாவது ‘எனக்குத் தெரியும்’ என்று தொடங்கினால் எவரும் மறுத்துக் கதைப்பதில்லை. யாராவது ஒருவர் பேசாமல் போய் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, முதுகை நிமிர்த்தி, கைகளை முழங்காலில் வைத்து, நாடியைத் தூக்கிக்கொண்டு இருப்பார். அளக்கச் சொல்லி. இப்போது என் மகளும் பழகிவிட்டாள். அவளுக்கு உண்மைக் கதை தெரியாது. அப்பா பிழை விடப்போகிறார் என்பதற்கு உலகத்தில் எல்லோரும் காட்டுகிற சைகை அதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

சண்டை ஓய்ந்து கொழும்புப் பாதை திறந்த பிறகு ரவி மச்சான் லண்டனிலிருந்து முதன்முறையாக ஊருக்கு வந்தார். வான் ஒழுங்கைக்குள் திரும்பி, இரண்டு பக்கமும் இடம் விட்டு, வாசலில் வந்து நின்றது. மச்சான் இறங்கி, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

“இதென்னப்பா! நான் போகேக்கை சைக்கிளும் போகாது. ஆர் இவ்வளவுக்கு அகட்டினது? தம்பிமுத்தர் விட்டவரோ?”

நான் விளக்குவதற்கு வாயைத் திறந்தேன். “அது வந்து மச்சான், எனக்குத் தெரியும்…”

எதிர் வேலிப் பொட்டுக்குப் பின்னால் தம்பிமுத்தர் இருமினார். மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்ட காலம்; ஆனால் அந்த ‘எனக்குத் தெரியும்’ மட்டும் கேட்டுவிட்டது. மெல்ல எழும்பினார், கதிரையை முற்றத்தின் நடுவுக்கு இழுத்தார், நிமிர்ந்து இருந்தார். மாமி உள்ளே போய் ஒரு பேணியை எடுத்துவந்து அவர் தலையில் கவிழ்த்தார்.